என் பெயரில் உள்ளே வந்தவள்

எங்கள் கல்லூரி வை-ஃபையின் பாஸ்வேர்டு எதிரில் இருந்த டீக்கடைக்காரருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியவந்த அன்று நான் போட்ட கூச்சலை அந்தப் பக்கத்து ஆட்கள் சிலர் இன்னும் நினைவு வைத்திருக்கக்கூடும். டீ குடிக்கப் போன இடத்தில், இறுதியாண்டுப் பையன் ஒருவன் பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "அண்ணே, பாஸ்வேர்டு மாத்திட்டாங்களா?" என்று கேட்கிறான். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "இல்லப்பா, பழசுதான்" என்று எழுத்து எழுத்தாக ஒப்பிக்கிறார். நான் அந்தக் கல்லூரியின் சிஸ்டம் அட்மின். அந்த பாஸ்வேர்டை வைத்தவளே நான்தான்.

இது இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில். அண்ணாமலை மலைக்குப் பக்கத்தில், வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டிப் போனால் வரும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. அப்போதுதான் வை-ஃபை வந்திருந்தது. மொத்தக் கல்லூரிக்கும் ஒரே பாஸ்வேர்டு. பெரிய கோயில் வாசலில் செருப்பு விட்டால் ஆளுக்கு ஒரு டோக்கன் கொடுப்பார்கள் அல்லவா, அங்கே எல்லோருக்கும் ஒரே நம்பர் போட்ட டோக்கனைக் கொடுத்தால் என்ன கூத்து நடக்குமோ அதுதான் எங்களிடம் நடந்துகொண்டிருந்தது. உள்ளே யார் இருக்கிறார்கள், யார் எதைப் பார்க்கிறார்கள், ஒன்றும் தெரியாது. ஒருவர் வேலையை விட்டுப் போனால் பாஸ்வேர்டும் அவரோடு போகும். மாற்றலாம் என்றால், ஒவ்வொருவர் மேஜையாகப் போய் புதியதைச் சொல்ல வேண்டும். சொன்ன சாயங்காலமே அது டீக்கடைக்குப் போய்விடும்.

மறுநாள் கரஸ்பாண்டென்ட்டிடம் போய்ச் சொன்னேன். கல்லூரியை நடத்துகிறவர் அவர். அரிசி மண்டி வைத்து மேலே வந்தவர். கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் கேள்வி கேட்கத் தெரியும். "அடுத்த வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் வராங்க. உள்ள யாரு கீறாங்கன்னு கேட்டா நான் இன்னாம்மா சொல்றது?" என்றார். "எனக்கு ஒரு பழைய கம்ப்யூட்டரும் ஒரு மாசமும் குடுங்க சார்" என்றேன். கொடுத்தார்.

புது ஏற்பாட்டில் ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. கூரையில் மாட்டியிருக்கும் வெள்ளை வை-ஃபை பெட்டிக்கு யாரையும் தெரியாது. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி ஆபீஸுக்குப் போன் போட்டுக் கேட்பதுபோல, "இன்னார் வந்திருக்கிறார், விடலாமா?" என்று அது என் அறையில் இருக்கும் சர்வரைக் கேட்கும். சர்வர் சரிபார்த்து "விடு" என்றால்தான் கதவு திறக்கும். லேப்டாப்பும் சர்வரும் பேசிக்கொள்வது மூடிய உறைக்குள் நடப்பதால், நடுவில் நிற்கும் பெட்டிக்கு பாஸ்வேர்டு என்னவென்றே தெரியாது. சர்வரும் தன் பங்குக்குத் தான் யாரென்று ஒரு சான்றிதழைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் எவனாவது எங்கள் கல்லூரிப் பெயரிலேயே இன்னொரு பெட்டியை வைத்து எல்லோருடைய பாஸ்வேர்டையும் வாரிக்கொண்டு போவான். லேப் மெஷின்களுக்கு ஆளே தேவையில்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் அதற்கென ஒரு அடையாளச் சான்றிதழைப் போட்டு வைத்தேன். காலையில் ஆன் செய்ததும் தானாகவே சர்வரிடம் காட்டிவிட்டு உள்ளே வந்துவிடும்.

ஒரு தடவை நீண்ட கரண்ட் கட்டுக்குப் பிறகு சர்வரின் கடிகாரம் ஏதோ பழைய வருடத்துக்குப் போய்விட்டது. சான்றிதழ்களில் இருந்த தேதியைப் பார்த்து, லேப் மெஷின்கள் எல்லாம் இன்னும் பிறக்கவே இல்லை என்று முடிவு செய்து அத்தனையையும் அது வெளியே நிறுத்திவிட்டது. பிராக்டிகல் பரீட்சை நாள் வேறு. நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆசிரியர்களைச் செமினார் ஹாலில் உட்காரவைத்து, அவரவர் பாஸ்வேர்டை அவரவரே வைக்கச் சொன்னேன். எங்கள் ஊர் ஆட்கள் வேறு எதை வைப்பார்கள்? பாதிப் பேர் மலையின் பெயரையும் சாமியின் பெயரையும் வைத்து, பின்னால் ஒன்று இரண்டு மூன்று போட்டிருந்தார்கள். மீதிப் பேர் அம்மன் பெயர். சாமி பேர் கூடாது என்று ஒரு தடை போட்டேன். பிரின்சிபாலுக்கு வருத்தம். "சாமி பேர வெச்சா காப்பாத்தும்னுதானேம்மா வெக்கறோம்" என்றார். "இங்க சாமி பேர்தான் சார் மொதல்ல எவனுக்கும் தோணும்" என்று சொல்லி உட்காரவைத்தேன். பிறகு ஒரு பிரசங்கம் வேறு. பாஸ்வேர்டைக் கொடுப்பதும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதும் ஒன்று, யார் கொடுத்தாலும் அவர் பெயரை நீக்கிவிடுவேன், கணவன் கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்று மைக்கைப் பிடித்து முழங்கினேன்.

கடைசி வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தவள் என் தோழி. கணிதத் துறையில் கான்ட்ராக்ட் விரிவுரையாளர். பஜாரில் தலைமுறை தலைமுறையாகப் பஞ்சு மெத்தைக் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்து மருமகள். தினமும் மதியம் என் சர்வர் ரூமில்தான் இரண்டு பேருக்கும் சாப்பாடு, ஏசி இருக்கும் ஒரே இடம் அது என்பதால். அவள் டப்பாவைத் திறந்தால் என் டப்பாவை நான் திறக்கவே மாட்டேன். அவளுக்கு அந்த வருடம் ஒரே கவலை, ஜூனில் பர்மனென்ட் ஆக வேண்டும். அவள் மாமியார் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "பர்மனென்ட் ஆனா போ, நான் தடுக்கல. இல்லன்னா வீட்லயே பசங்களுக்கு டியூஷன் எடு." அவளுக்கு வகுப்பில் நிற்பது உயிர். கரும்பலகையில் ஒரு கணக்கை முடித்துவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். கரஸ்பாண்டென்ட்டும் ஜூனில் போட்டுவிடுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

பிரசங்கம் முடிந்ததும் என் அறைக்கு வந்து, "எல்லாம் சரி, எனக்கு எங்க அக்கவுன்ட்டு?" என்றாள். இல்லை. சர்வருக்குள் போன பெயர்கள் எல்லாம் சம்பளப் பிரிவிலிருந்து வந்தவை. கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சம்பளம் வேறு வழியில் போனது, ஆகவே அவர்கள் என் சர்வருக்கு இல்லாத மனிதர்கள். ஆனால் அட்டென்டன்ஸும் மார்க்கும் அவர்களும் ஏற்றித்தான் ஆக வேண்டும், அதுவும் நெட்வொர்க் வழியாகத்தான். ஆபீஸ் மேனேஜரிடம் கேட்டேன். "அவங்க இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்குப் போவாங்க. அவங்களுக்கு எதுக்கு மேடம்?" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

விட்டுவிட்டு என்ன செய்தேன்? அவள் லேப்டாப்பை இழுத்து என் பெயரையும் என் பாஸ்வேர்டையும் அடித்துக் கொடுத்தேன். ஒரு தடவை அடித்தால் போதும், அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். "ஊருக்குத்தான் உபதேசம், உனக்கும் எனக்கும் இல்லடி" என்று சொல்லி அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். வேலியே பயிரை மேய்ந்த கதை. இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் கதவை அடைத்துவிட்டு என் ஆளுக்கு மட்டும் திறந்துவிடுவதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. என் பெயர் மற்றவர்கள் பெயர் மாதிரியும் இல்லை. மார்க்கைத் திருத்தும் உரிமை வரை அதற்கு இருந்தது. லேப்டாப் யாருடையது என்று சேர்த்துக் கேட்கும் வசதியும் அந்த ஏற்பாட்டில் உண்டு. ஆசிரியர்கள் சொந்த மெஷின் கொண்டுவருகிறார்கள், எதற்கு வம்பு என்று அதை நான் போடவில்லை.

இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காட்டுவதற்காக, இந்த நிமிடம் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர்களைக் காட்டும் ஒரு திரையையும் செய்து மேனேஜர் மேஜையில் வைத்தேன். எந்தக் கட்டடத்துப் பெட்டி வழியாக வந்தார்கள் என்பதும் அதில் தெரியும். அவர் நாள் முழுவதும் அதையே டிவி மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் மாதப் பௌர்ணமி. பௌர்ணமி அன்று எங்கள் ஊரில் மதியத்துக்கு மேல் எந்தக் காரியமும் நடக்காது. பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், அதனால் கல்லூரியும் அரை நாள்தான். நான் கிரிவலம் போவதற்குக் கிளம்பினேன். அவளுக்கு இன்டர்னல் மார்க் ஏற்றக் கடைசி நாள் அன்றுதான். "நீ போய் சுத்திட்டு வா. எனக்கும் சேத்து ஒரு கும்பிடு போடு, மலை எல்லாருக்கும்தானே" என்று சொல்லிவிட்டு லேப்டாப்போடு உட்கார்ந்துவிட்டாள்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் அடி அண்ணாமலை வந்து சேர்ந்தேன். தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து பாதம் எரிந்துகொண்டிருந்தது. எங்கள் கரஸ்பாண்டென்ட் அங்கே மாதாமாதம் அன்னதானம் போடுவார். ஆட்களை வைத்துப் போடமாட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரண்டியைத் தானே பிடிப்பார். வரிசையில் நின்றேன். என் முறை வந்து தொன்னையை நீட்டினேன். அவர் சாம்பார் சாதத்தை அள்ளும்போது செல்போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பேசினார். மேனேஜர்தான். அரிசி மூட்டை பற்றி ஏதோ கேட்கக் கூப்பிட்டவர், பேச்சோடு பேச்சாக, இந்தப் பௌர்ணமியிலும் சிஸ்டம் மேடம் வீட்டுக்குப் போகாமல் மேத்ஸ் டிபார்ட்மென்ட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள் என்று என்னைப் புகழ்ந்து வைத்திருக்கிறார்.

"யாரு? அந்த சிஸ்டம் பொண்ணா?" என்றார் கரஸ்பாண்டென்ட். கரண்டி அப்படியே நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ இங்க நின்னுனு இருக்க. அங்க உக்காந்துனு இருக்கறது யாரு?"

எங்கள் ஊரில் இந்த மாதிரிக் கேள்வி கேட்காத சாமியார் கிடையாது. எவரிடமும் எனக்கு வேர்த்ததில்லை. அன்று வேர்த்தது. "சிஸ்டத்துல எதனா கோளாறா இருக்கும் சார்" என்றேன். ஒரு மாதம் கண்விழித்துக் கட்டிய என் சர்வர்மேல் வாய் கூசாமல் பழியைப் போட்டேன். அவர் சாதத்தைப் போட்டுவிட்டு, "காலைல ரூமுக்கு வா" என்றார். அந்தச் சாதம் எனக்கு இறங்கவில்லை. குப்பைத் தொட்டியில் போடவும் பயம், பின்னால் பார்த்துக்கொண்டிருப்பாரோ என்று.

காலையில் அவர் அறையில் பிரின்சிபாலும் மேனேஜரும் இருந்தார்கள். கோளாறு என்ற பேச்சு எடுபடவே இல்லை. மேத்ஸ் டிபார்ட்மென்ட்டில் அந்த நேரம் இருந்தது ஒரே ஆள்தான் என்று வாட்ச்மேனைக் கேட்டே மேனேஜர் கண்டுபிடித்துவிட்டார். அவளையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் கொடுத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்படித்தான் இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"சார், தப்பு என்னுதுதான். அவங்க டைப் பண்றப்போ பக்கத்துல நின்னு பாத்து வெச்சுக்கிட்டேன். அவங்களுக்குத் தெரியாது. மார்க் ஏத்தணும், எனக்கு அக்கவுன்ட் இல்ல. அதான்."

குரலில் பிசிறே இல்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. பிரின்சிபால் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

கரஸ்பாண்டென்ட் என்னைக் கேட்டார்: "மார்க்குல எதனா மாத்திக்கீறாளா?" இல்லை என்றேன். அது உண்மை. "அவ கிளாஸ் மார்க்க மட்டுந்தான் ஏத்துனா?" ஆமாம் என்றேன். அவர் அவளைப் பார்த்து, "காலேஜ் வேலைக்குத்தான் எடுத்த. ஆனா கேட்டு எடுத்திருக்கணும். மன்னிப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு கிளாஸுக்குப் போ" என்றார். அவ்வளவுதான். முடிந்துவிட்டது. ஜூனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவரே பிரின்சிபாலிடம் சொன்னார்.

வராந்தாவில் அவள் கையைப் பிடித்து, "ஏன்டி இப்படிப் பண்ண?" என்றேன்.

"நீ குடுத்தேன்னு சொன்னா உன் கைல சர்வர விடுவாங்களா? நான் எடுத்தேன்னா ஒரு மன்னிப்போட போச்சு. பாத்தல்ல, போயிடுச்சு. வா, பசிக்குது."

அதோடு நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும்.

கல்லூரி என்பது சின்ன ஊர். சாயங்காலத்துக்குள் ஸ்டாஃப் ரூம் முழுக்கப் பரவிவிட்டது. அவள் உள்ளே நுழைந்தால் கைப்பைகளின் ஜிப் மூடும் சத்தம் கேட்கும். யாராவது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தால் அவள் கடந்து போகும்வரை கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிடுவார்கள், வேண்டுமென்றே, அவளுக்குத் தெரியும்படி. என்னிடம் வந்து, "பாவம் மேடம் நீங்க. கூடவே உக்காந்து சாப்டுட்டு உங்ககிட்டயே கைய வெச்சுட்டா பாருங்க" என்று ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதலைக் கேட்கக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தி, "அவங்களுக்கெல்லாம் எடம் குடுத்தா இப்படித்தான்" என்றாள்.

"எவங்களுக்கெல்லாம்?" என்றேன்.

"பொதுவா சொன்னேன் மேடம்."

"பொதுவாவே சொல்லுங்க. எவங்களுக்கெல்லாம்?"

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் உட்கார்ந்து அழுதேன். திட்டு வாங்க வேண்டியவள் நான், எனக்கு அனுதாபம் வந்துகொண்டிருந்தது. சாப்பாடு பிடிக்கவில்லை, தூக்கம் கம்மியாகிவிட்டது. வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். ஒரு மதியம் அவளிடம், "நான் போய் உண்மையச் சொல்லிடறேன்" என்றேன்.

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். "வேணாம்."

"உன்னத் திருடின்னு பேசறாங்கடி."

"பேசட்டும். நாலு நாள் பேசுவாங்க, அப்புறம் வேற யாரையாவது பேசுவாங்க. எனக்கு இல்லாத ரோஷம் உனக்கு என்னத்துக்கு?" கையைக் கழுவிவிட்டு வந்து, என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று நிதானமாகச் சொன்னாள்: "இங்க பாரு. ஜூன் வரைக்கும் வாய மூடு. ஆர்டர் என் கைக்கு வரட்டும். அப்புறம் நீ மைக் போட்டு ஊரக் கூட்டிச் சொல்லு, நானும் வந்து கேக்கறேன். அதுவரைக்கும் நீ சும்மா இருக்கறதுதான் எனக்கு உதவி."

சரி என்றேன். தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாள். செய்தேன்.

அந்த வார சனிக்கிழமை காலையில் நான் கரஸ்பாண்டென்ட் அறைக்குப் போனேன். ஏன் போனேன் என்பதற்கு அப்போது என்னிடம் நல்ல நல்ல காரணங்கள் இருந்தன. அவள் பெயரைக் காப்பாற்ற, நியாயத்துக்காக, இன்னும் என்னென்னவோ. எல்லாம் பொய்யில்லை. ஆனால் ஜூன் வரை அதைச் சுமக்க என்னால் முடியவில்லை என்பதுதான் கெட்டியான காரணம்.

அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முழுவதையும் சொன்னேன். நான்தான் அடித்துக் கொடுத்தேன், அவள் திருடவில்லை, எனக்காகத்தான் அப்படிச் சொன்னாள், கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அக்கவுன்ட் இல்லாததுதான் எல்லாவற்றுக்கும் மூலம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"அப்போ அந்தப் பொண்ணு என் மூஞ்சியப் பாத்து பொய் சொல்லிக்கீது."

"எனக்காக சார்."

"இன்னிக்கு உனக்காக சொன்னவ நாளைக்கு எவனுக்காக சொல்வா? எடுத்தேன்னு சொன்னா, மன்னிச்சேன். பசிக்கு எடுக்கறவன நான் மன்னிப்பேன். இவ்ளோ சுளுவா பொய் சொல்றவள பரீட்சை பேப்பர் பக்கத்துல எப்டிம்மா விடறது?"

"நானும்தான் சார் பொய் சொன்னேன். சிஸ்டம் கோளாறுன்னு சொன்னேனே."

"அது நடுரோட்டுல கைல தொன்னையோட நிக்கறப்போ சொன்னது. அதுல ஒண்ணும் இல்ல. நீயா வந்து உண்மையச் சொன்ன பாரு, அது போதும்." எழுந்து ஜன்னலைத் திறந்தார். "இன்ஸ்பெக்‌ஷன் வருது. நீ போய் உன் வேலையப் பாரு."

அவளை வேலையை விட்டு எடுத்தால் நானும் போகிறேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. நாக்கு நுனி வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. எனக்குப் பதிலாக அந்த சர்வரைப் பார்க்க ஊரில் வேறு ஆள் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தத் தெம்பில் நான் மிரட்டியிருக்கலாம், அவர் இறங்கிவந்திருக்கவும் கூடும். "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூனில் பர்மனென்ட் ஆனவர்களில் அவள் இல்லை. கான்ட்ராக்டையும் நீட்டிக்கவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை, கான்ட்ராக்ட் ஆளுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியாது, நான் போய்ச் சொன்ன விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது. கடைசி நாளில் என் அறைக்கு வந்து லேப்டாப்பை என் முன்னால் வைத்து, "உன் பேர இதுல இருந்து எடுத்துடு" என்றாள். எடுத்தேன். அவள் ஒரு துணிப்பையில் புத்தகங்களைப் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறிப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் நான் உட்கார்ந்து கான்ட்ராக்ட் ஆட்களுக்கு என்று சர்வரில் ஒரு தனிக் குழு போட்டேன். மேனேஜரைக் கேட்கவே இல்லை. அவரவருக்குப் பெயர், அவரவருக்குப் பாஸ்வேர்டு. மார்க் ஏற்றலாம், மற்றதைத் தொட முடியாது. கான்ட்ராக்ட் முடியும் நாளில் அதுவாகவே மூடிக்கொள்ளும். செய்து முடித்ததும் எனக்கு ஒரு உற்சாகம். இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்த உற்சாகத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பஜாரில் கடைக்கு மேல்மாடியில் அவர்கள் வீடு. நான் போனபோது கூடத்தில் பாய் விரித்து ஏழெட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கரும்பலகை இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் நோட்டாகக் குனிந்து குனிந்து எழுதிக் காட்டினாள். என்னைப் பார்த்ததும் "வா" என்றாள், எப்போதும் சொல்கிற அதே "வா". அவள் மாமியார் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "சாப்ட்டு போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"கான்ட்ராக்ட்காரங்க எல்லாருக்கும் தனி அக்கவுன்ட் போட்டுட்டேன்டி" என்றேன். "இனிமே யாரும் யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல."

"நல்லது." அவள் ஒரு பையனின் நோட்டில் கழித்தல் குறியைக் கூட்டலாகத் திருத்தினாள். "எவ்ளோ நேரம் புடிச்சுது?"

"காலைல உக்காந்தேன். டீ டைமுக்குள்ள முடிஞ்சிடுச்சு" என்று சொன்ன பிறகுதான் என்ன சொல்கிறேன் என்று எனக்கே காதில் விழுந்தது.

அவள் நோட்டை மூடிப் பையனிடம் கொடுத்தாள். கோபம் இல்லை, குத்தலும் இல்லை. உடம்பு சரியாயிடுச்சா என்று விசாரிப்பதுபோல என்னைக் கேட்டாள்:

"போய் சொன்னியே. மனசு லேசாச்சா உனக்கு?"

"இல்லடி" என்றேன்.

அது பொய். அந்தச் சனிக்கிழமை கரஸ்பாண்டென்ட் அறையை விட்டு வெளியே வந்ததும் எனக்கு அப்படி ஒரு பசி எடுத்தது. நேராகக் கேன்டீனுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டேன். வீட்டுக்குப் போய்ப் பட்டப்பகலில் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். எழுந்தபோது உடம்பு காற்றாக இருந்தது. அதையெல்லாம் விழுங்கிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன், இல்லை என்று.

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு டம்ளரை என் பக்கம் நகர்த்தி, "ஆறுது, குடி" என்றாள்.